விண்டோஸுக்கு முன்னால் ஒரு பூட்டு

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் இயங்குவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருள். ரேம், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அது விண்டோஸை எழுப்பும். அந்தக் கட்டத்திலேயே பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்துவிட்டு அதை மறந்துபோனால், புதிதாக ஓஎஸ் போடவும் வழியில்லை.

டெஸ்க்டாப்பில் இதற்கு எளிய தீர்வு இருந்தது. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலம் தொட்டு, பயாஸ் அமைப்புகள் சீமாஸ் என்ற மிகச் சிறிய நினைவகத்தில் இருந்தன. மின்சாரம் நின்றால் அதில் எதுவும் தங்காது. தங்கவைப்பது ஒரு பேட்டரி. அதைக் கழற்றினால் பாஸ்வேர்டும் போய்விடும். இன்றும் பலர் லேப்டாப்புக்கும் இதே வைத்தியத்தைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பலிக்காது. லேப்டாப் எளிதில் திருடுபோகக்கூடியது என்பதால், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் பாஸ்வேர்டைப் பதிந்துவைக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும்தான் அழியும். மறதிக்காரருக்கு இது கொடுமைதான். ஆனால் திருடனும் அதே பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவன் என்பதால், இந்த ஏற்பாடு சரியென்றே சொல்வேன்.

அப்படியானால் வழி? வாங்கிய பில்லோடு தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்துக்குப் போவதுதான். டெல் போன்ற நிறுவனங்கள், உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதியானால், பூட்டைத் திறக்க உதவுகின்றன. திங்க்பேட் லேப்டாப்பில் பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது அதன் கையேடு. சிப்பைத் திருத்தி எழுதித் தரும் மெக்கானிக்குகளும் உண்டு. கை தவறினால் போர்டே போய்விடும்.

கோப்புகளை நினைத்துப் பதற வேண்டாம். பயாஸ் பூட்டு இயந்திரத்தைத்தான் காக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால் பொதுவாகப் படிக்கலாம். இரண்டு விதிவிலக்குகள். டிஸ்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பலருக்கு அது மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்குக்கென்று தனி பாஸ்வேர்டு வைத்திருந்தால் நிலைமை மோசம். அது டிஸ்கிலேயே பதிந்திருப்பதால், மதர்போர்டை மாற்றியும் பயனில்லை.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்டோஸ் திறப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். பயாஸ் அமைப்புப் பக்கத்தை விற்பவரையே உங்கள் முன் திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், அவர் அதை நீக்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.