உள்ளங்கை வியர்வை: ஏன் வருகிறது, என்ன செய்யலாம்?

பரீட்சையில் விடைத்தாள் நனையும். கச்சேரியில் படிவம் நிரப்பும்போது மை கலங்கும். உள்ளங்கை அதிகமாக வியர்ப்பவர்களுக்கு இது தெரியும். எனக்கும் பாடசாலைக் காலம் முதல் இந்தப் பிரச்சினை உண்டு.

இதைப் பயந்த சுபாவம் என்று பலர் கேலி செய்வார்கள். உண்மையில், வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்வதே காரணம். பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும், பரம்பரையாகவும் வரும், நித்திரையில் நின்றுவிடும். பதற்றம் இதைக் கூட்டும். போர் நினைவுகளால் நெஞ்சு படபடத்து வியர்ப்பவர்கள் மனநல வைத்தியரையும் நாடுவது நல்லது.

முதற் சிகிச்சை 20 சதவீத அலுமினியம் குளோரைட் கரைசல். இரவில், நன்கு உலர்ந்த கையில் பூசி, காலையில் கழுவ வேண்டும். ஈரக்கையில் பூசினால் எரியும்.

அது போதாவிட்டால், கைகளைத் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துவார்கள். கர்ப்பிணிகளுக்கும் இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் இது ஆகாது. எம்மில் பலரது உடலில் இன்னும் செல் துண்டுகள் இருக்கின்றன. எலும்பில் தகடு வைத்தவர்களும் உண்டு. அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நரம்பைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின் முதுகும் வயிறும் அதிகம் வியர்க்கக்கூடும். ஆகவே அது கடைசித் தெரிவு.

எழுதும்போது கைக்குக் கீழே பருத்தித் துணி வைப்பது எனக்கு உதவுகிறது.

உடல் முழுதும் திடீரென வியர்த்தால், இரவில் உடை நனைந்தால், எடை குறைந்தால் தாமதிக்க வேண்டாம். தைரொயிட், காசநோய் போன்றவையும் காரணமாகலாம்.

பிள்ளையின் கொப்பி நனைந்திருந்தால் ஏசாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.