முதலெழுத்துக்குள் போன மீராலெவ்வை

தமிழ்நாட்டில் மீரா என்றால் பெண்பிள்ளை. இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் அது ஆம்பிளைப் பெயர். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வயசாளிகள் கூடும் இடத்தில் வாப்பாவின் பெயரை விசாரித்துப் பாருங்கள். ஒரு மீராலெவ்வையோ மீராசாகிபோ வராமல் போகமாட்டார்.

தலைவனைக் குறிக்கும் 'அமீர்' என்ற அரபுச் சொல் பாரசீகத்தில் 'மீர்' என்று குறுகியது. நாகூரில் அடங்கியிருக்கும் 16ஆம் நூற்றாண்டு இறைநேசர் ஷாகுல் ஹமீது நாயகத்தை மீரான் சாகிபு என்றும் சொல்வார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் அவர் பேரில் ஒரு தர்ஹா உண்டு. அவர் உடல் இங்கே இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் கொடியேறும், சனம் திரளும், கந்தூரிச் சோறு பங்கிடப்படும். பிள்ளை வரம் கேட்டு நேர்ச்சை வைத்த வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பகுதாது இறைநேசர் முகைதீன் ஆண்டகையின் பெயரும் இப்படித்தான் வீடுவீடாகப் புகுந்தது.

பின்னால் ஒட்டியிருக்கும் லெவ்வை, ஏட்டில் லெப்பை. பள்ளிக் காரியங்களைப் பார்த்து, ஓதிக்கொடுப்பவரை ஊர் அப்படித்தான் கூப்பிடும். காலப்போக்கில் அது பட்டம் என்பதே மறந்துபோய், தோணிக்காரரும் உதுமாலெவ்வை, வயற்காரரும் இப்றாலெவ்வை ஆனார்கள்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தவை அலியாரும் அசனாரும். அலி, ஹசன் என்ற அரபுப் பெயர்களுக்குத் தமிழ் 'ஆர்' விகுதியால் மரியாதை கொடுத்து, அந்த மரியாதையையும் சேர்த்தே பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே அவர் அலியார்! நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த நிந்தவூர் எழுத்தாளர் முத்துமீரானின் பெயரில், தமிழ் முத்து முன்னால் வந்து நிற்கிறது.

இன்றைய பள்ளிக்கூட இடாப்பில் இந்தப் பெயர்களைத் தேடினால் றிஸ்வான், அஸ்மி, சஜாத் என்றே வரும். வளைகுடா உழைப்பும் மார்க்கச் சீர்திருத்தப் பேச்சும் வந்தபிறகு, லெவ்வை போன்றவை பட்டிக்காட்டுப் பெயர்களாகிவிட்டன. இறைநேசர் பெயரை நேர்ந்து வைப்பதே சரிதானா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஆனால் பழைய பெயர்கள் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை, முதலெழுத்துகளுக்குள் குடியேறிவிட்டன. எம்.எல். என்றால் மீராலெவ்வை, யூ.எல். என்றால் உதுமாலெவ்வை, ஐ.எல். என்றால் இப்றாலெவ்வை என்று ஊர்க்காரர் பெரும்பாலும் சரியாகவே ஊகித்துவிடுவார். முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய அஷ்ரபின் 'எம்.எச்.எம்.' முகம்மது ஹுசைன் முகம்மது. முதலெழுத்துகளில் பெரும்பாலும் நிற்பது வாப்பாவின் பெயர்தான்.

ஆக, பெயர் வாப்பா வழி. குடி என்ற குலமோ உம்மா வழி. இந்தக் கரையில் பள்ளி நிர்வாகிகளான மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவுசெய்வதே பழைய வழமை. கல்யாணப் பேச்சில் எம்.எல். என்பதை வைத்து மாப்பிள்ளையின் வாப்பாவைக் கண்டுபிடித்த பெரியம்மா, அடுத்த மூச்சிலேயே "என்ன குடி?" என்று கேட்டுவிடுவார். அதை எந்த அடையாள அட்டையிலும் எழுதுவதில்லை.