சரக்கு வண்டி திணறுகிறதா? செலவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மளிகைக் கடைக்காரருக்குத் தராசு எப்படியோ, சரக்கு வண்டியும் அப்படியே. இரண்டில் எது சரியில்லாமல் போனாலும் வியாபாரம் கெடும். நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் கோயம்பேட்டுக்கும் சரக்கெடுக்கப் போகும் சிறு வணிகர்களில் பலர் இன்னும் பழைய வண்டிகளையே நம்பியிருக்கிறார்கள். பிரீமியர் பத்மினி 2000-ஆம் ஆண்டோடும், அம்பாசடர் 2014-லும், மாருதி ஆம்னி 2019-லும் உற்பத்தி நின்றுவிட்டன. உற்பத்திதான் நின்றதே தவிர, உழைப்பு நிற்கவில்லை. புது வண்டி என்றால் பல லட்சம் கடன், மாதத் தவணை. ஆகவே ஓடுகிற வண்டியை ஓடும் நிலையில் வைத்துக்கொள்வதே நமக்கு இலாபம்.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுதான்: "ரேஸ் கொடுத்தால் வண்டி இழுக்கவில்லை, திணறுகிறது, விக்குகிறது." இது வெறும் தொல்லை என்று தள்ளிவிடக் கூடாது. புக்கத்துறை கூட்டுரோட்டில் உத்திரமேரூர் சாலையிலிருந்து தேசிய நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது, பின்னால் பேருந்தும் லாரியும் வேகமாக வரும். அந்த இடத்தில் வண்டி இரண்டு விநாடி விக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரக்கோடு உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பட்டறைக்குப் போனால் என்ன நடக்கிறது? பிளக் மாற்றுகிறார்கள், போகவில்லை. கார்புரேட்டர் மாற்றுகிறார்கள், போகவில்லை. காயிலும் மாற்றுகிறார்கள். கடைசியில் இரண்டு ரூபாய் ரப்பர் குழாயில் விரிசல் என்று தெரிகிறது. மாற்றிய சாமான்களின் பணம் திரும்பி வராது. எனவே திணறல் எப்போது வருகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் தெரிந்தால் பாதிப் பழுது தெரிந்த மாதிரி.

எஞ்சினுக்கு வேண்டியவை

எஞ்சின் சரியாக இழுக்க நான்கு தேவை: காற்று, பெட்ரோல், சரியான சமயத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம். சாதாரணப் பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்சிலேட்டரைத் திடீரென அழுத்தினால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். அந்த ஒரு நொடிப் பற்றாக்குறைதான் விக்கல். இதை ஈடுகட்டவே கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் என்ற சிறு பம்ப் வைத்திருக்கிறார்கள். கால் வைத்ததும் அது கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும்.

சோதனைக்கு முன் ஒரு விஷயம். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் அது திணறல் அல்ல, கிளட்ச் வழுக்கல். வண்டி ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் எஞ்சின் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் உண்டு.

எப்போது திணறுகிறது?

1. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு விக்கல், பிறகு சரியாகிவிடுகிறது: ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயாப்ரம் பழுதாகியிருக்கலாம். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஏர் பில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் நெம்பியைக் கையால் இழுங்கள். பெட்ரோல் கம்பி போலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலும் வராவிட்டாலும் பம்ப்தான் குற்றவாளி. பீய்ச்சல் சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் டயாப்ரமோ குழாயோ கிழிந்துள்ளது.

2. ஐடிலில் உடம்பை உதறுகிறது, ரேஸ் ஏற ஏற ஓரளவு சரியாகிறது: கார்புரேட்டருக்குக் கீழே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. "உஸ்" என்ற சத்தத்தைக் கவனியுங்கள். கார்புரேட்டரின் அடிப்பாகத்திலும் ரப்பர் குழாய்களின் முனையிலும் சோப்புத் தண்ணீர் சில துளி விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். பிளக் வயர்கள் மேல் தண்ணீர் படக் கூடாது. பெட்ரோல் தெளித்துச் சோதிப்பவர்களும் உண்டு. தீ விபத்துக்கு அதுவே அழைப்பு.

3. பாரம் ஏற்றியபோதும் முழு ரேஸிலும் மட்டும் திணறுகிறது: வெறும் வண்டி நன்றாக ஓடி, இருபது சிப்பம் அரிசி ஏற்றினால் மட்டும் இழுக்காமல் போனால் இரண்டில் ஒன்று. சக்தி மெல்ல மெல்லக் குறைந்து, கால் எடுத்துச் சிறிது நேரம் விட்டால் மீண்டும் இழுத்தால், பெட்ரோல் போதவில்லை. பில்டரையும் பெட்ரோல் பம்ப்பையும் பாருங்கள். "டக் டக்" என்று வெட்டி வெட்டி இழுத்தால் தீப்பொறி போதவில்லை; பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைப் பாருங்கள்.

4. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டும்: பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் உறிஞ்ச முடியாமல் போகிறது. வண்டி திணறியதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தால் காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்கும். பிறகு வண்டி ஓடும். செலவே இல்லாத பழுது இது.

5. வெயிலில், நெரிசலில் நின்று கிளம்பும்போது: கத்திரி வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடு எளிதில் வெளியேறாது. சீட்டைத் தூக்கி ஆறவிட்டு, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகும். ஆறிய பிறகும் அடிக்கடி இப்படியே செய்தால் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் பலவீனப்படுகிறதா என்று பார்க்கவேண்டும்.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை நேரத்தில் மட்டும்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். எஞ்சினை நிறுத்தி உலர்ந்த துணியால் துடைத்து, மூடியில் முடி போன்ற கறுப்புக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். மழைக்குச் சம்பந்தமில்லாமல் காலைக் குளிரில் மட்டும் திணறினால் சோக் சரியாக மூடித் திறக்கிறதா என்று கவனியுங்கள்.

பிளக் சொல்லும் சாட்சி

பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் உடல்நிலை தெரியும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் பில்டர் அடைப்பு. வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசையுடன் ஈரமாக இருந்தால் ஆயில் எரிகிறது. மிளகாய், மல்லி, மாவுத் தூசி பறக்கும் கடை வாசலில் நிற்கும் வண்டிக்கும், செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கும் ஏர் பில்டர் சீக்கிரம் அடையும் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

பிளக் இடைவெளியை வண்டிக் கையேட்டின்படி வைக்கவேண்டும். பாயிண்ட் உள்ள அம்பாசடர் போன்ற வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்ட் தேயத் தேய இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரமும் மாறும். ஆகவே பாயிண்ட் சரிசெய்த பிறகே டைமிங் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டான கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், பழுதான பிளக் வயரிலிருந்து நீலப் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். ஓடும் எஞ்சினில் அந்த வயரைக் கையால் தொட வேண்டாம். அதில் பாயும் மின் அழுத்தம் பல ஆயிரம் வோல்ட்.

இ-20 பெட்ரோலும் பழைய வண்டியும்

"முன்பெல்லாம் இப்படி இல்லை, அண்மையில்தான் திணறுகிறது" என்று சொல்பவர்கள் பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது; 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கார்புரேட்டர் வண்டிகள் இதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல.

எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். அதனால் இ-20 பெட்ரோலுக்கு ஏற்ற விகிதம் 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5. பழைய அளவு ஜெட் வைத்த கார்புரேட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்கிலேயே அளந்து கொடுக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தது போலாகும். ஏற்கெனவே சற்றுக் குறைவாக ஊட்டிக்கொண்டிருந்த கார்புரேட்டர் என்றால் விக்கல் நன்றாகத் தெரியும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையின் சக்தி ஆறு, ஏழு விழுக்காடு குறையும். மைலேஜில் சிறிது குறைவதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. எத்தனால் பழைய வகை ரப்பர் குழாய்களையும் டயாப்ரத்தையும் காலப்போக்கில் ஊதச் செய்யும், அல்லது வெடிக்கச் செய்யும். மேலும் அது ஈரத்தை ஈர்க்கும். வாரக்கணக்கில் அரை டேங்க் பெட்ரோலோடு நிற்கும் வண்டியில் ஈரம் அளவு மீறிச் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகிப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கில் துருவும் பிடிக்கும்.

இதற்காகப் புதுப் பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை. எத்தனாலைத் தாங்கும் வகை ரப்பர் குழாய்களைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் பில்டர் போட்டு, கறுத்தாலோ துரு தெரிந்தாலோ மாற்றுங்கள். அனுபவமுள்ள கார்புரேட்டர் மெக்கானிக்கிடம் ஜெட்டைச் சுத்தம் செய்து, தேவையானால் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுப் பிளக் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஜெட் துளையைக் கம்பியால் குத்த விடாதீர்கள். துளை பெரிதானால் அளவு கெட்டது கெட்டதுதான்.

எம்.பி.எப்.ஐ. வண்டிகள்

2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எப்.ஐ. வண்டிகள் வந்தன. இவற்றில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சோதனைக் கருவி உள்ள பட்டறையில் காட்டிக் குறியீட்டைப் படித்த பிறகே சாமான் மாற்ற வேண்டும். விளக்கு எரியாமல் திணறினால் ஏர் பில்டர், பிளக், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, பெட்ரோல் அழுத்தம் என்ற வரிசையில் பார்க்கவும். பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருந்தால், அதைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்கள் பம்ப்பின் ஆயுளைக் குறைக்கிறார்கள். எரிவாயுவிலும் பெட்ரோலிலும் ஓடும் வண்டி என்றால் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் திணறினால் அந்தப் பாதையில்தான் கோளாறு. இரண்டிலும் திணறினால் முதலில் தீப்பொறியைப் பாருங்கள்.

செலவின் வரிசை

முதலில் செலவில்லாதவை: டேங்க் மூடி, குழாய்கள், தளர்ந்த வயர், ஏர் பில்டரில் தூசி. அடுத்துச் சிறு செலவு: பெட்ரோல் பில்டர், பிளக், பாயிண்ட், கண்டென்சர். மூன்றாவது: கார்புரேட்டர் கழுவுதல், டயாப்ரம், டைமிங். எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் வால்வு இடைவெளியும் கம்ப்ரஷனும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் எத்தனை பிளக் மாற்றியும் பயனில்லை. எஞ்சின் வேலைக்குத் தயாராவதா, வண்டியை விற்பதா என்று அப்போது முடிவு செய்யலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி நான்குக்கும் பணம் கொடுப்பீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலையின்போது பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட், கைபேசி அருகில் வேண்டாம்.

கடைசியாக, வண்டிக்கும் ஒரு பேரேடு வேண்டும். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், திணறிய இடம், அப்போது ஏற்றியிருந்த பாரம் ஆகியவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று பராந்தக சோழன் காலத்திலேயே, கி.பி. 920-ஐ ஒட்டி, கல்லில் வெட்டி வைத்த ஊர் நம் உத்திரமேரூர். கடன் கொடுத்த பாக்கியைப் பைசா சுத்தமாக எழுதும் நம் வணிகர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. மெக்கானிக்கிடம் "ஏதோ திணறுகிறது" என்று சொல்வதற்கும், "பாரம் ஏற்றி நான்காவது கியரில் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு திணறுகிறது" என்று நோட்டைக் காட்டிச் சொல்வதற்கும் பட்டறைப் பில்லில் உள்ள வித்தியாசத்தை ஒரே முறையில் உணர்வீர்கள்.