மலை மேலே தோட்டம்! உலகம் எல்லாம் கடை!

ஏற்காட்டு ஏரிக்கரைப் பக்கம் காப்பித்தூள் விற்கிறார்கள். மிளகு விற்கிறார்கள். தேன், தைலம் எல்லாம் விற்கிறார்கள்.

சென்னையில் இருந்து வந்த ஒருவர் அரைக் கிலோ காப்பித்தூள் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஊருக்குப் போய்க் காப்பி போட்டுக் குடிக்கிறார். பிரமாதம்! வீட்டில் எல்லோருக்கும் ருசி பிடித்து விடுகிறது.

ஒரு மாதத்தில் தூள் தீர்ந்து போகிறது. மறுபடியும் வேண்டும். கடையின் பெயர் நினைவில் இல்லை. பொட்டலத்தில் விலாசமும் இல்லை. அரைக் கிலோ தூளுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வர முடியுமா? தெருமுனைக் கடையில் கிடைத்ததை வாங்கிக் கொள்கிறார்.

ஏற்காட்டுக் கடைக்காரர் ஒரு வாடிக்கைக்காரரை இழந்து விட்டார். இழந்தது கூட அவருக்குத் தெரியாது!

இந்த நஷ்டத்தைத் தடுக்க வந்திருப்பதுதான் இணையதளம்.

பெயர் போன காப்பி

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தவர் ஒரு கலெக்டர். அவர் பெயர் காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தார். காப்பியோடு பேரிக்காயும் ஆரஞ்சும் இந்த மலைக்கு வந்தன.

செடி வளர்ந்தது. ஊரும் வளர்ந்தது. ஆனால், விளைந்த காப்பிக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் போன காலம் ஒன்று உண்டு.

1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. உலகப்போர் நடந்த நேரம். ஏற்றுமதி படுத்து விட்டது. தோட்டக்காரர்களைக் காப்பாற்றக் காப்பி வாரியம் ஓர் ஏற்பாடு செய்தது. எல்லோரும் தங்கள் காப்பியைப் பொதுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் மட்டும் எடுத்துக் கொள்ளலாம். மற்றதை வாரியம் ஏலத்தில் விற்கும். பணம் தவணை தவணையாக வரும்.

விலை விழாமல் இருக்க இது உதவியது. அதை மறுக்க முடியாது. ஆனால், குடகுக் காப்பியும் ஏற்காட்டுக் காப்பியும் ஒன்றாகக் கலந்தன. நல்ல காப்பி விளைவித்தவருக்கும் தனிப் பெயர் கிடைக்கவில்லை.

போர் முடிந்தும் ஏற்பாடு முடியவில்லை. 50 ஆண்டுகள் ஓடின! 1992-ல்தான் கட்டு கொஞ்சம் தளர்ந்தது. 1996-ல் முழு விடுதலை கிடைத்தது. தன் காப்பியைத் தானே விற்கும் உரிமை தோட்டக்காரருக்கு வந்தது.

உரிமை வந்தது. வாங்குகிறவர் எங்கே? சிறு தோட்டக்காரருக்குத் தெரிந்தவர் வியாபாரி ஒருவர்தான். அவர் சொன்னதுதான் விலை. 2001, 2002-ல் உலகம் முழுவதும் காப்பி விலை சரிந்தபோது, அந்த அடி மலையிலும் விழுந்தது.

வந்தது வலை!

அதே ஆண்டுகளில் உலகத்தில் வேறொன்று நடந்து கொண்டிருந்தது.

டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். உலகத்தின் முதல் இணையதளத்தை அவர் உருவாக்கினார். 1993-ல் செர்ன் அந்த முறையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து விட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. சுதந்திர தினம்!

இணையதளம் என்பது என்ன? இரவு பகல் மூடாத ஒரு கடை முகப்பு. அவ்வளவுதான். பெயர்ப்பலகை இருக்கும். பொருள் இருக்கும். விலை இருக்கும். வாங்குகிறவர் பம்பாயில் இருந்தாலும் பாரிசில் இருந்தாலும் செல்போனில் எட்டிப் பார்க்கலாம். பணம் கொடுக்க 2016-ல் யு.பி.ஐ. வந்தது. பொருளைச் சேர்க்கத் தபாலும் கூரியரும் இருக்கின்றன.

பெயருக்கு மதிப்பு உண்டா என்று கேட்பவர்கள், ஏற்காட்டில் உள்ள ரிவர்டேல் எஸ்டேட்டைப் பாருங்கள். 2013-ல் டெல்லியில் தொடங்கிய புளூ டோக்காய் கம்பெனி, இந்தத் தோட்டத்தின் பெயரையே போட்டு அதன் காப்பியை இணையத்தில் விற்றது. பெயர் இல்லாமல் கிடங்கில் கலந்த அதே மலைக் காப்பிதான்!

வாடகைக் கடையா? சொந்தக் கடையா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் இவர்கள் முன்பதிவுக் கம்பெனிகளின் இணையதளத்தில் சேர்ந்து கொள்கிறார்கள். சேர்வது சுலபம். ஆள் வருவதும் நிச்சயம். ஆனால், அது வாடகைக் கடை! கமிஷன் கொடுக்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். அறை வாடகை 2,500 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 20 என்றால் 500 ரூபாய். ஆண்டுக்கு 100 நாள் அறை போனால் 50,000 ரூபாய்! இரண்டு அறைக்கு ஒரு லட்சம்!

இன்னொரு சங்கதியும் உண்டு. மேக்மைடிரிப் கம்பெனிக் குழுமம், ஓட்டல்கள் தங்கள் சொந்த இணையதளத்தில் கூடக் குறைந்த வாடகை போடக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, இது நியாயம் அல்ல என்று சொன்னது. 2022 அக்டோபரில் 223 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஓயோ கம்பெனிக்கும் 168 கோடி அபராதம். இரு கம்பெனிகளும் அப்பீலுக்குப் போயின. என் கடையில் என் விலையை நான் சொல்லக் கூடாதா? வழக்கின் சாரம் இந்தக் கேள்விதான்.

கம்பெனிகளை விட்டு விடச் சொல்லவில்லை. முதல் தடவை வருகிறவர் அங்கே பார்த்து வரட்டும். இரண்டாம் தடவை நேராக உங்களிடம் வர, உங்களுக்கு என்று ஒரு விலாசம் இருக்க வேண்டும்.

பத்திரம் யார் பெயரில்?

இணையதளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. '.இன்' என்று முடியும் சாதாரணப் பெயருக்குப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேதான் ஆகும். '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையதளம் அமைத்துத் தருகிறவர், பெயரைத் தன் பெயரில் பதிவு செய்து விடுகிறார். பிறகு சண்டை வந்தால், பெயரும் போகிறது, கடையும் போகிறது. சொந்த மனைக்கு மேஸ்திரி பெயரில் பத்திரம் எழுதுவோமா? பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் டெலிபோன் எண்ணில் இருக்கட்டும். ஆண்டுக் கட்டணம் கட்டும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வடிவத்தில் ஜோடனை வேண்டாம். பறக்கும் எழுத்து, பாட்டு, மின்னும் விளக்கு எதுவும் தேவை இல்லை. மலைப்பாதையில் செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும். செல்போனில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்காது. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள்.

டெலிபோன் எண் முதலில் தெரியட்டும். பிறகு விலை. பிறகு வழி. விலைப்பட்டியலைப் படம் பிடித்து ஒட்டாதீர்கள், எழுத்தாக அடியுங்கள். தேடுகிறவர் "ஏற்காடு காப்பித்தூள்" என்று தேடினால், கூகுள் முதலில் பார்ப்பது எழுத்தைத்தான். கூகுள் மேப்பில் கடையின் இடத்தைக் குறிக்கக் காசு இல்லை. இதைக் கூடச் செய்யாதவர்கள் பலர்!

காப்பியில் சிக்கரி கலந்தால் எத்தனை பங்கு என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்கப் பதிவு எண்ணைப் போடுங்கள். பறித்த பருவம், வறுத்த தேதி இரண்டையும் சொல்லுங்கள். நல்ல காப்பி தேடுகிறவர்கள் இவற்றைத்தான் கேட்கிறார்கள்.

போட்டோவில் பொய் வேண்டாம்!

அடுத்த தோட்டத்து நீர்வீழ்ச்சியை உங்கள் வீட்டு வாசலில் காட்டாதீர்கள். வந்தவர் கோபத்தில் நாலு வரி எழுதி விட்டுப் போவார். அது பல ஆண்டுகள் நிற்கும்.

போலித் தங்கும் விடுதி இணையதளம் நடத்தி முன்பணம் சுருட்டுகிறவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். அதனால் வாடிக்கைக்காரருக்குப் பயம் இருக்கிறது. வீடியோ போனில் அறையைக் காட்டினால் பயம் தெளியும். உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை! ஏமாந்து விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

காசு கொடுத்து விளம்பரம் போடலாமா? போடலாம். ஆனால், மே மாதத்தில் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். கோடை விழாவுக்குக் கூட்டம் தானாக வருகிறது. கோடை மழை விழுந்த பின் காப்பிச் செடி பூக்கும். மலை முழுவதும் மல்லிகை வாசம். அந்தப் பூ நாலைந்து நாள்தான் நிற்கும். பூத்த அன்றே ஒரு படம் போட்டால், அந்த வாரமே போன் வரும். ஜூன், ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்து, மூடுபனி இறங்கி, அறைகள் காலியாகக் கிடக்கும். விளம்பரக் காசை அந்த மாதங்களுக்கு எடுத்து வையுங்கள்.