எலும்பு வைத்தியரின் வேலைச் சுமை

ஆஸ்பத்திரிகளின் ஆண்டறிக்கையில் 'எலும்பு ரண சிகிச்சைகள் இத்தனை' என்று ஒரு வரி காணப்படும். அறிக்கைகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நாம் அந்த எண்ணைத் தமிழில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எண் மாறாமலே இருக்க, அதனுள் அடங்கிய வேலை மட்டும் பன்மடங்கு கடினமாகிவிடக் கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இடுப்பு மூட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற நிபுணர், தேய்ந்த மூட்டை அகற்றி, உலோகப் பந்தும் டெஃப்லான் கிண்ணமும் பொருத்தினார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றிலும் இருந்த திசுக்களைக் கெடுத்தன. தாம் பொருத்தியவற்றைத் தாமே திறந்து மாற்றும்படி ஆயிற்று அவருக்கு. 1962-ஆம் ஆண்டில் பாலிஎதிலீன் கிண்ணத்திற்கு மாறிய பின்னரே அம்முறை நிலைபெற்றது.

மூட்டு மாற்றுதல் பரவப் பரவ, மறு சிகிச்சையும் உடன் வளர்ந்தது. பழைய சிமெண்டைப் பெயர்க்க வேண்டும். அரிபட்ட எலும்புக்கு ஈடு செய்ய வேண்டும். கிருமி புகுந்திருந்தால் இருமுறை திறக்கவும் நேரும். அறிக்கைக்கோ அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று!

நம் நாட்டில் ஒரு சுமை இறங்கியும் இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் சூம்பிய கால்களை நிமிர்த்துவது ஒரு காலத்தில் எலும்பு வைத்தியரின் அன்றாடப் பணி. இயற்கைப் போலியோ கிருமியால் நேர்ந்த கடைசி நோய் 2011 ஜனவரியில் ஹௌரா மாவட்டத்தில் காணப்பட்டது. 2014 மார்ச்சில் நாடு அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது.

இன்று முதியோரே பெருஞ்சுமை. குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்த மூதாட்டிக்குச் சர்க்கரை நோயும் இருதய நோயும் சேர்ந்தே இருக்கின்றன. முன்பு எடை கட்டி வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். பலர் நிமோனியாவுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் இரையாயினர். இன்று ஓரிரு நாட்களுக்குள் ரண சிகிச்சை முடிவதே நலம் என்று கருதப்படுகிறது. அதற்குள் மயக்க மருந்து நிபுணரும் இருதய வைத்தியரும் அவரைச் சோதித்தாக வேண்டும். இரத்தம் உறையாதிருக்க அவர் மாத்திரை உண்டிருந்தால், எந்த மாத்திரை, கடைசியாக எப்போது என்பது உடனே தெரிய வேண்டும்.

ஊரில் தாய் தந்தையரை விட்டுவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மருந்துச் சீட்டின் பிரதி ஒன்று அவர்கள் தலைமாட்டிலும் மற்றொன்று நம் கையிலும் இருந்தால், செய்தி வந்த இரவிலேயே வைத்தியரிடம் அதனைச் சொல்லிவிடலாம்.