தெரிந்தபின் விடுதல்

திருக்குறளின் அரசியல் பகுதியில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். தக்காரைத் தேர்ந்து நம்புதல் முன்னது. அவரைப் பணியில் ஈடுபடுத்துதல் பின்னது. இவ்வடைவை வகுப்பில் பல ஆண்டு விளக்கியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது, ஒரு பிழை செய்த பின்னரே.

நான் தலைமையாசிரியனான புதிதில், எங்கள் தோட்டப் பள்ளிக்கு இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். கதை சொல்வதில் வல்லவர். ஆண்டுவிழா நாடகத்தை அவரிடம் ஒப்படைத்தேன். ஒப்படைத்தது பெயரளவில்தான். வசனத்தைத் திருத்தினேன், நடிக்கும் பிள்ளைகளை மாற்றினேன், ஒத்திகையில் குறுக்கிட்டேன். நாடகம் குறையின்றி நடந்தது. மறு ஆண்டு அதே பணியைத் தந்தபோது, "எப்படிச் செய்ய வேண்டுமென்று சொல்லுங்கள் ஐயா, அப்படியே செய்கிறேன்" என்றார். பணிவான அச்சொற்கள் என்னைச் சுட்டன. வல்லவர் ஒருவரை வெறும் ஏவலாள் ஆக்கிவிட்டேன்!

ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே நீங்காத் துன்பம் தரும் என்பது 510ஆம் குறளின் கருத்து. முதலாவதற்கு நாம் அஞ்சுகிறோம். இரண்டாவதைப் பிழையென்றே எண்ணுவதில்லை. 517ஆம் குறளோ, செயல், கருவி, ஆள் மூன்றையும் பொருத்திப் பார்த்தபின் அச்செயலை அவனிடமே விடுமாறு பணிக்கிறது.

அங்ஙனமாயின் மேற்பார்வையே வேண்டாவோ? அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் (520) நாள்தோறும் ஆராயச் சொல்கிறதே! இது முரண் அன்று. ஆராய வேண்டுவது, செய்வோன் நெறி பிறழாதிருக்கிறானா என்பதை. அவன் கைவண்ணத்தை அன்று. பால்மரத் தோட்டத்தைப் பாருங்கள். இன்னாருக்கு இந்த நிரை என்று வகுப்பதும், மரம் காயப்பட்டதா என்று பார்ப்பதும் மண்டோரின் வேலை. கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அறிவது வெட்டுபவரின் கை ஒன்றே. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் புண்படும்.

விருந்தோம்பலுக்கும் இஃது ஒக்கும். திருமணத்திற்கு நாகசுரக் கலைஞரை அழைக்கிறோம். தாலி கட்டும் வேளையை நாம் சொல்ல வேண்டும். எந்த இராகத்தை எவ்வளவு விரிப்பது என்பது அவருடைய மனோதர்மம். சமையற்காரரிடம் எத்தனை இலை, எப்போது பந்தி என்று சொல்லலாம். உப்பும் புளியும் அவர் கணக்கு. நம் முகம் மாறினாலே விருந்தினர் வாடுவர் என்கிறது 90ஆம் குறள். நாம் அழைத்து வந்த கலைஞரும் நம் விருந்தினர் அல்லரோ?

மூன்றாம் ஆண்டு, விழா நேரத்தையும் செலவுத் தொகையையும் மட்டும் அவ்வாசிரியையிடம் சொன்னேன். "அவ்வளவுதானா ஐயா?" என்றார். "அவ்வளவுதான்" என்றேன். பாட்டிமார் சொன்ன கதைகளைப் பிள்ளைகளிடமே கேட்டுத் தொகுத்து அவர் நாடகமாக்கினார். ஓரிடத்தில் ஒரு சிறுவன் வசனத்தை மறந்தான். பக்கத்திலிருந்தவள் தானே ஒரு சொல் புனைந்து காத்தாள். என் நாடகத்தில் அது நடந்திராது.

ஆசிரியத் தோழர்களே, ஆளைத் தேர்வதில் காலம் செலவிடுவோம். தேர்ந்தபின் கையை எடுத்துக்கொள்வோம்.