மழையில்லாத இரவிலும் ஒழுகும் கூரை

ஜனவரி மாதம், ஊட்டி. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத இரவு. விடிந்து பார்த்தால், புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கும் என்று ஆளை ஏற்றித் தார் பூசுகிறார்கள். அடுத்த தெளிந்த இரவில் கறை இன்னும் பெரிதாகிறது. தகரத்தில் ஓட்டையே கிடையாது. அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்து மேலே போனது.

காற்றுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான். சோறு வடிக்கிறோம், வெந்நீரில் குளிக்கிறோம், மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம், இரவெல்லாம் மூச்சு விடுகிறோம். இந்த ஆவி எல்லாம் அறைக்குள்தான் சேர்கிறது. அறைக் காற்றில் 10 கிராம் ஆவி இருக்கும்போது அது 10 டிகிரிச் சுவரைத் தொட்டால், தாங்க முடியாத ஒரு கிராம் அங்கேயே நீராகிறது.

தகரக் கூரையின் கதை இதைவிட வியப்பானது. மேகமற்ற இரவில் தகரம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. திரும்பி வருவதோ குறைவு. அதனால் தகரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழுவதும் இதே காரணத்தால்தான். விளக்குப் பொருத்தத் துளைத்த ஓட்டைகள் வழியே அறையின் ஆவி மேலே ஏறுகிறது. தகரத்தின் அடிப்பக்கத்தில் பனித்து, சொட்டிச் சொட்டி ஜிப்சம் பலகையில் ஊறுகிறது.

கோவையிலும் சென்னையிலும் பார்த்துப் பிடித்துப்போன அலங்காரத்தை 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊருக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் சிக்கல். வெளிச்சுவரை ஒட்டித் தரையிலிருந்து மேல்தளம் வரை வார்ட்ரோப் அடிக்கிறோம். அதன் பின்னால் அறையின் சூடும் போகாது, காற்றும் நகராது. அந்தச் சுவர்தான் வீட்டிலேயே குளிர்ந்த சுவர். ஓதம் அங்கே ஏறும், பிளைவுட் உப்பும், பட்டுப்புடவையில் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டாலே பாதித் தொல்லை தீரும்.

1822-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸைக் கட்டத் தொடங்கினார். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதன் பிறகு ஊட்டியிலும் குன்னூரிலும் எழுந்த பழைய பங்களாக்கள் பலவற்றில் சுண்ணாம்புக் காரைதான் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. ஆனால் நுண்ணிய துளைகள் நிறைந்த கல். சுவருக்குள் போன ஈரம் அந்தத் துளைகள் வழியே வெயில் நாளில் வெளியேறிவிடும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, புட்டி தேய்த்து, பளபளக்கும் எமல்ஷன் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புவது அதனால்தான். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்பே சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிகவும் வருத்தம் தருவது, கணப்பை அடைத்து அதன்மேல் டிவி மாட்டுவது. கணப்பு சிக்கனமானதல்ல, அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். ஆனால் போகும்போது அறையின் ஈரக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதை அடைத்து, ஜன்னல்களையும் காற்றுப் புகாமல் மூடிய அறைக்குள், குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் உண்டு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். நீலகிரியில் தூக்கத்திலேயே இப்படி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். கணப்பு வேண்டாமென்றால் மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறைக்குள் கரி மட்டும் கூடவே கூடாது.

நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் வேறு வழி கண்டார்கள். தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல், ஜன்னலே இல்லாத அரைப்பீப்பாய் வடிவக் குடில், வளைந்து இறங்கும் புல் கூரை. சூடேற்ற வேண்டிய காற்றே குறைவு. புல்லின் இடுக்குகளில் தங்கும் காற்று குளிரைத் தடுக்கும்; தகரத்தால் முடியாத வேலை அது. இன்று கூரையின் கீழே கம்பளி போன்ற வெப்பத்தடுப்புப் பொருளை விரித்து, அதன் அடிப்பக்கத்தில் ஆவி ஏறாதபடி ஒரு தாளை ஒட்டி, அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் அந்த வேலை நடக்கும். பள்ளத்தாக்கைப் பார்க்கும் பெரிய கண்ணாடி ஆசையையும் விட வேண்டியதில்லை. இடையில் காற்றறை கொண்ட இரட்டைக் கண்ணாடி போடலாம். செலவு கூடும், ஆனால் விடியற்காலையில் கண்ணாடியைத் துடைக்கிற வேலை வெகுவாகக் குறையும்.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு சோதனை. ஓதம் அடித்த சுவரில் ஒரு துண்டு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறத்தில் நீர் பனித்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்: சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், சுவருக்குச் சூடு வேண்டும். தாளைப் பிய்த்தால் உள்பக்கம் நனைந்திருக்கிறதா? அப்படியானால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பெயின்டரைக் கூப்பிடாதீர்கள், வெளியே சுவரடியில் மழைநீர் தேங்குகிறதா, மேட்டுப்பக்கத்து மண் சுவரில் சாய்ந்து கிடக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.